சுயேச்சையாக வெல்லலாம், சுயேச்சையாக மாற முடியுமா?

“கட்சியிலிருந்து விலகுகிறேன். இனி சட்டப்பேரவையில் சுயேச்சையாகச் செயல்படுவேன்.” மைக்குகளுக்கு முன்னால் நின்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் இப்படிச் சொன்னால், தொலைக்காட்சிக்கு அது அன்றைய பரபரப்பு, தொகுதிக்கு அது ஒரு வாரப் பேச்சு. சட்டத்தின் காதில் அது ஒப்புதல் வாக்குமூலமாக விழுகிறது. அவருடைய பதவியைப் பறிக்க முதல் வாக்கியமே போதும். இரண்டாவது வாக்கியத்துக்குச் சட்டத்தில் பொருளே கிடையாது.

இதைப் பலர் நம்புவதில்லை. வேறு கட்சியில் சேர்ந்தால்தானே கட்சித் தாவல், சும்மா விலகி நின்றால் என்ன தவறு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், ‘கட்சித் தாவல் தடைச் சட்டம்’ என்ற பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது. இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள இன்னொரு கிளைக்குத் தாவ வேண்டியதில்லை. பிடித்திருக்கும் கிளையை விட்டாலே போதும்.

அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணையைத்தான் நாம் அப்படி அழைக்கிறோம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியாக அது வந்தது. ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் எப்போது பதவி இழப்பார் என்பதற்கு அதன் இரண்டாவது பத்தி இரண்டு காரணங்களைச் சொல்கிறது. கட்சி உறுப்பினர் பொறுப்பைத் தானாக முன்வந்து கைவிடுவது ஒன்று. கட்சியின் உத்தரவை மீறி, முன் அனுமதி இல்லாமல் வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருந்துவிடுவது இன்னொன்று. கொறடாவை மீறியவரைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால் அவர் தப்பிக்கலாம். உறுப்பினர் பொறுப்பைக் கைவிட்டவருக்கு அந்தச் சலுகைகூட எழுதப்படவில்லை. அவர் கைவிட்ட பிறகு எங்கே போனார், யாரோடு சேர்ந்தார் என்று சட்டம் கேட்பதும் இல்லை.

எந்தக் கட்சியைக் கைவிட்டார் என்பதற்கு ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. ஓர் உறுப்பினரை எந்தக் கட்சி வேட்பாளராக நிறுத்தியதோ, அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே அவர் கருதப்படுவார். இந்தச் சிறிய வாக்கியம்தான் முழு விவகாரத்துக்கும் அச்சாணி. வேட்புமனுவோடு கட்சித் தலைமை கையெழுத்திட்டுக் கொடுத்த படிவம், ஐந்தாண்டுகளுக்கு அவருடைய அரசியல் அடையாளம். சுயேச்சை என்பதும் அதேபோல் வேட்புமனு தாக்கல் செய்த நாளில் எழுதப்பட்டுவிடுவது. இடையில் யாரும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது.

நம் கூட்டணி அரசியலில் இது விசித்திரமான காட்சிகளை உண்டாக்குகிறது. 2016இல் கருணாஸ், தனியரசு, தமிமுன் அன்சாரி மூவரும் தத்தம் அமைப்புகளின் தலைவர்களாக இருந்துகொண்டே இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார்கள். 2021இல் பண்ருட்டியில் வேல்முருகன் உதயசூரியனில் வென்றார். கட்சி அலுவலகத்தில் அவர்கள் தலைவர்கள். பேரவையின் கணக்கில் இன்னொரு கட்சியின் உறுப்பினர்கள். அந்தக் கட்சியின் கொறடா உத்தரவிட்டால் கேட்டாக வேண்டியவர்கள். தனிக்கட்சி நடத்துகிறவருக்கே இந்தக் கதி என்றால், தனியாளாக நிற்கிறேன் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இத்தனை இறுக்கம் ஏன் வந்தது?

1967இல் அரியானாவின் ஹசன்பூர் தொகுதியில் வென்ற கயா லால் இரண்டு வாரத்தில் மூன்று முறை அணி மாறினார். காங்கிரஸில் சேர்ந்தார், ஐக்கிய முன்னணிக்குப் போனார், காங்கிரஸுக்குத் திரும்பினார், சில மணி நேரத்தில் மறுபடியும் முன்னணிக்கு வந்தார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற சொலவடை அங்கே பிறந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் பெரும்பாலும் விட்டுப்போகும் தகவல் ஒன்று உண்டு: கயா லால் தேர்தலில் வென்றது சுயேச்சையாக. கட்சித் தாவலின் அடையாளமாகிப்போன மனிதர், கட்சி இல்லாதவராகத்தான் பயணத்தைத் தொடங்கினார்.

அந்தக் காலகட்டத்தை ஆராய ஒய்.பி. சவாண் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மாநிலங்களில் அணி மாறிய 210 உறுப்பினர்களில் 116 பேருக்கு அமைச்சர் பதவி கிடைத்ததாக அக்குழு கணக்குச் சொன்னது. சுயேச்சைகளாக வென்ற 376 பேரில் 157 பேர் ஏதாவது ஒரு கட்சியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ‘சுயேச்சை’ என்ற சொல்லுக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது என்ற எண்ணம் அப்போதே பரவிவிட்டது. சட்டம் எழுதியவர்கள் சுயேச்சைகளைப் புனிதர்களாகப் பார்க்காததற்கு இதுவே காரணம். கட்சிக்காரரை வெளியே போகவிடாமல் ஒரு கதவைச் சாத்தினார்கள். சுயேச்சையைக் கட்சிக்குள் போகவிடாமல் எதிர்க்கதவையும் சாத்தினார்கள்.

சென்னை மாகாணத்துக்கு இது இன்னும் பழைய அனுபவம். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. சுயேச்சைகள் மட்டும் 62 பேர். சுயேச்சைகளையும் சிறு கட்சிகளையும் சேர்த்துக்கொண்டுதான் ராஜாஜி ஆட்சியை நிலைநிறுத்தினார். இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால், அப்படிக் காங்கிரஸுக்குள் வந்த சுயேச்சைகள் ஒவ்வொருவரும் பதவியைத் துறந்துவிட்டு மறுபடியும் வாக்காளர்களிடம் போயிருக்க வேண்டும்.

அதைவிடச் சுவையான கற்பனை 1972க்கு உரியது. அந்த ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவர் பரங்கிமலைத் தொகுதியின் உறுப்பினர். 1971இல் திமுக வென்ற 184 இடங்களில் அதுவும் ஒன்று. நீக்கப்பட்ட சில நாட்களில், அக்டோபர் 17 அன்று, அதிமுகவைத் தொடங்கினார். உறுப்பினர் பதவி அவரிடமே இருந்தது. புதுக் கட்சியின் தலைவராகவே பேரவைக்குள் போய் ஆளும் கட்சியை எதிர்த்துப் பேசினார். இன்று யாராவது அதையே செய்தால், கட்சி நீக்கியதற்காக அவருடைய பதவி போகாது. புதுக் கட்சி தொடங்கியதற்காகப் போகும். இதைத் தீர்மானித்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்தே போனதுதான்.

வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை

அந்த வழக்குக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘தானாக முன்வந்து கைவிடுவது’ என்றால் கட்சிக்கு விலகல் கடிதம் கொடுப்பது என்றுதான் யாரும் நினைப்போம். கடிதம் கொடுக்காமல் காரியத்தைச் செய்துகொள்ளலாம் என்று பலர் கணக்குப் போட்டதும் அதனால்தான். கோவாவில் ஒரு பிராந்தியக் கட்சியின் உறுப்பினர்கள் இருவர், எதிரணியினரோடு ஆளுநர் மாளிகைக்குப் போய்த் தங்கள் கட்சியை ஆதரிக்கவில்லை என்று காட்டிக்கொண்டார்கள். விலகல் கடிதம் ஏதும் இல்லை. 1994இல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய தகுதி நீக்கத்தை உறுதிசெய்தது. ராஜினாமா என்பதைவிட ‘கைவிடுவது’ என்பதற்கு விரிந்த பொருள் உண்டு, நடத்தையிலிருந்தே அதை ஊகிக்கலாம் என்றது தீர்ப்பு.

நடத்தை என்றால் எந்த நடத்தை? யாரோடு எந்த மேடையில் அமர்ந்தார், யாருக்குச் சால்வை போர்த்தினார் என்பதெல்லாம் சான்றாகிவிடக் கூடிய நிலை இதனால் வந்தது. இதை எடைபோடும் தராசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். அதற்குப் பிறகு வருகிறேன்.

வெளியேற்றப்பட்டவரின் நாற்காலி

1991இல் அதிமுக சார்பில் பேரவைக்கு வந்தவர்களில் ஜி. விசுவநாதன் ஒருவர். பின்னாளில் வேலூரில் பல்கலைக்கழக வேந்தராக அறியப்பட்டவர். 1994 ஜனவரியில் அவரும் அழகு திருநாவுக்கரசும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மார்ச்சில் பேரவைத் தலைவர் சேடப்பட்டி முத்தையா அவர்களைக் ‘கட்சி சாராதவர்கள்’ என்று அறிவித்தார். கட்சி துரத்திவிட்டது, பேரவைத் தலைவரும் கட்சி சாராதவர் என்று சொல்லிவிட்டார், இனி நாம் சுதந்திரப் பறவைகள் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. வைகோ தொடங்கியிருந்த மதிமுகவில் சேர்ந்தார்கள். 1995 ஏப்ரலில் இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள்.

அவர்களுடைய வாதம் எளிமையானது. நாங்கள் கட்சியை விடவில்லை, கட்சிதான் எங்களை விட்டது. துரத்தப்பட்டவன் எப்படித் ‘தானாக முன்வந்து’ கைவிட்டவன் ஆவான்? கேட்பதற்கு மறுக்க முடியாத வாதமாகத்தான் தெரிகிறது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விளக்கக் குறிப்பின்படி, நீக்கப்பட்ட பிறகும் அந்த உறுப்பினர் தன்னை நிறுத்திய கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். கட்சி சாராதவர் என்ற முத்திரைக்குப் பத்தாவது அட்டவணையில் இடமே இல்லை. பேரவைக்குள் எங்கே உட்காருவது என்ற ஏற்பாட்டுக்கு வெளியே அதற்கு மதிப்பு இல்லை. இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் இன்னொரு கட்சியில் சேர்ந்தால், அந்தக் கணத்தில் பழைய கட்சியைத் தானாகவே கைவிடுகிறார்.

எனக்கு இந்தத் தீர்ப்பின் தர்க்கம் புரிகிறது. நியாயம்தான் முழுதாகப் பிடிபடவில்லை. வீட்டிலிருந்து வெளியேற்றி, உள்ளே வராதே என்று பூட்டும் போட்டுவிட்டு, குடும்ப அட்டையில் உன் பெயர் இருக்கிறது, வேறு வீட்டுக்குப் போனால் குற்றம் என்று சொல்வதைப் போல இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. நீக்கப்பட்டவர்களுக்கு முழு விடுதலை என்று தீர்ப்பு வந்திருந்தால், ஒரே வாரத்தில் நாலு முறை கட்சியைத் திட்டி நீக்கம் வாங்கிக்கொள்வது ஒரு தொழிலாகவே ஆகியிருக்கும்.

ஆக, நீக்கப்பட்டவர் வேறெங்கும் போகாதவரை அவருடைய நாற்காலி பத்திரம். சுயேச்சையைப் போல வாழலாம். சுயேச்சை ஆகிவிட முடியாது. ஒரு கட்சி உறுப்பினர் கட்சி இல்லாமல் பேரவையில் உட்கார நடைமுறையில் இருக்கும் முக்கிய வழி இதுதான். அதனால் இரு பக்கமும் ஒரு விளையாட்டு நடக்கிறது. அதிருப்தியாளர், தன்னைக் கட்சி நீக்கட்டும் என்று காத்திருக்கிறார். விவரமான கட்சித் தலைமை நீக்குவதில்லை. இடைநீக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது அல்லது விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறது. ‘அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கிவைக்கப்படுகிறார்’ என்ற பழக்கமான அறிக்கை, எம்.எல்.ஏ. ஒருவரைப் பற்றி வரும்போது தண்டனையா சலுகையா என்று யோசித்துத்தான் படிக்க வேண்டும்.

இதில் தீராத முடிச்சு ஒன்று இருக்கிறது. நீக்கப்பட்டவர் பழைய கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார் என்றால், அந்தக் கட்சியின் கொறடா அவருக்கும் உத்தரவிடலாமா? மீறினால் பதவி போய்விடுமா? 2010இல் சமாஜ்வாதி கட்சி அமர் சிங்கையும் ஜெயப்பிரதாவையும் நீக்கியபோது அவர்கள் இதே அச்சத்தோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். விசுவநாதன் வழக்குத் தீர்ப்பு அவர்களுக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்று இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்த நீதிமன்றம், கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2016இல் அந்த அமர்வு கூடியபோது இருவருடைய பதவிக் காலமும் முடிந்துபோயிருந்தது. பதில் சொல்லத் தேவையில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். நீக்கப்படும் ஒவ்வொருவரும் இன்றுவரை அந்த மூடிய கோப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஓ. பன்னீர்செல்வம் இதற்கு உயிருள்ள உதாரணம். 2022 ஜூலையில் அதிமுக பொதுக்குழு அவரை நீக்கியது. போடிநாயக்கனூர் உறுப்பினராக அவர் நீடித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாகவே போட்டியிட்டார். பேரவையில் இரட்டை இலையில் வென்றவர், தேர்தல் களத்தில் இரட்டை இலைக் கூட்டணிக்கு எதிரான சுயேச்சை, தன் சொந்த வாதத்தின்படி உண்மையான அதிமுககாரர். ஒரே மனிதர், மூன்று அடையாளங்கள். அவர் எங்கே உட்காருவது என்பதே நீண்ட நாள் தகராறாக இருந்து, 2024 பிப்ரவரியில்தான் அவருடைய இருக்கை மாற்றப்பட்டது.

சட்டமே திறந்துவைத்த இன்னும் இரண்டு சிறு கதவுகள் உண்டு. தன் கட்சி இன்னொரு கட்சியோடு இணையும்போது, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் அதை ஏற்றுக்கொண்டால், ஏற்காத மீதிப் பேர் தனிக் குழுவாகச் செயல்படலாம், பதவி போகாது. இணைப்பு விதியை ஓடிப்போகிறவர்களின் கேடயமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். கோவாவில் 2019இல் 15 காங்கிரஸ் உறுப்பினர்களில் 10 பேர் பாஜகவில் இணைந்ததும், 2022இல் கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் கட்சி மாற மாட்டோம் என்று சத்தியம் செய்து வென்ற 11 பேரில் 8 பேர் அதே வழியில் போனதும் அந்தப் பழக்கத்தால் நினைவுக்கு வருபவை. போகாமல் நின்றவர்களுக்கும் அதே பத்தியில் ஒரு வரி இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இன்னொரு கதவு பேரவைத் தலைவருக்கு உரியது. அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் ஒருவர் கட்சி உறுப்பினர் பொறுப்பைத் துறந்தால், அது குற்றமாகாது. 1967இல் மக்களவைத் தலைவரானபோது நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். சட்டம் வருவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே. சட்டம் வந்த பிறகு அந்தக் கதவைப் பயன்படுத்த யாரும் முண்டியடிக்கவில்லை. கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாக இருக்கச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் மிகச் சிலரில் முதன்மையானவர், மற்றவர்கள் விலகினார்களா என்று தீர்ப்புச் சொல்பவர்.

எதிர்ப்பக்கக் கதவு

சுயேச்சையாக வென்றவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். நியமன உறுப்பினருக்காவது ஆறு மாத அவகாசம் உண்டு. சுயேச்சைக்கு ஒரு நாள்கூட இல்லை. ஆனால் ‘சேர்வது’ என்றால் என்ன? கர்நாடகத்தில் சுயேச்சைகள் சிலர் எடியூரப்பா அரசை ஆதரித்து அமைச்சர்களானார்கள். பிறகு ஆதரவை விலக்கிக்கொண்டதும், நீங்கள் பாஜகவில் சேர்ந்தவர்கள்தானே என்று சொல்லித் தகுதி நீக்கம் செய்தார்கள். அரசை ஆதரிப்பதும் அமைச்சரவையில் இடம்பெறுவதும் கட்சியில் சேர்வதாகிவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. சுயேச்சை அமைச்சராகலாம்; உறுப்பினர் அட்டை வாங்கக் கூடாது.

கேரளத்தின் நிலம்பூரில் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக வென்ற பி.வி. அன்வர், முதலமைச்சரோடு முரண்பட்டுத் திரிணமூல் காங்கிரஸ் பக்கம் போனபோது 2025 ஜனவரியில் பதவியைத் துறந்தார். இந்த விதியை அறிந்து எடுத்த முடிவு அது. இமாசலத்தில் 2024 மார்ச்சில் மூன்று சுயேச்சைகள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே பாஜகவில் சேர்ந்தார்கள். பேரவைத் தலைவரோ கடிதத்தை ஜூன் தொடக்கம்வரை ஏற்கவில்லை. ராஜினாமா செய்ய விரும்பியவர்களை விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருந்த விநோதம் அது. ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் மூவரில் ஒருவர்தான் மீண்டும் வென்றார்.

தராசும் கடிகாரமும்

இதுவரை சொன்னதெல்லாம் ஏட்டில் உள்ள சட்டம். நடைமுறையில் எல்லாம் பேரவைத் தலைவரின் கையில் இருக்கிறது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் நீதிமன்றம் தலையிடலாம் என்று ஆனது உண்மைதான். அதுவும் பொதுவாக அவர் முடிவெடுத்த பிறகு. முடிவே எடுக்காவிட்டால்?

2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டைவிடத் தெளிவான பாடம் வேறெங்கும் கிடைக்காது. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்டில் அணிகள் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். அதற்கு மறுநாள், தினகரன் ஆதரவாளர்கள் ஆளுநரிடம் போய் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். நாங்கள் அதிமுகவில்தான் இருக்கிறோம், முதலமைச்சரைத்தான் மாற்றச் சொல்கிறோம் என்றார்கள். செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் அவர்களில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்து, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கத்தை உறுதிசெய்தார். அரசைக் கவிழ்க்க வாக்களித்த 11 பேர் மீதான புகார் உச்ச நீதிமன்றம்வரை போய், பேரவைத் தலைவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று 2020இல் திரும்பி வந்தது. ஆட்சிக்காலம் முடியும்வரை அவர்களில் ஒருவருடைய பதவியும் போகவில்லை. வாக்களித்தவர்கள் தப்பினார்கள், கடிதம் எழுதியவர்கள் தப்பவில்லை.

வேறு மாநிலங்களிலும் இதே நிலைதான். மணிப்பூரில் 2017இல் காங்கிரஸ் சார்பில் வென்றவர் பாஜக அரசில் அமைச்சரானார். மூன்று ஆண்டுகள் முடிவு வரவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய புகார்களை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றது. பொறுமையிழந்து அந்த அமைச்சரைப் பதவியிலிருந்தே இறக்கியது. தெலங்கானாவில் பிஆர்எஸ் சார்பில் கைரதாபாத்தில் வென்ற தானம் நாகேந்தர், அந்தப் பதவியில் இருந்துகொண்டே 2024 மக்களவைத் தேர்தலில் செகந்திராபாத்தில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அவர் உள்ளிட்ட 10 பேர் விவகாரத்தில் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே மாநிலத்தில் யாராவது ஒருவர், யாரோடும் சேராமல், மனசாட்சிப்படி தனியாக நிற்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பின்னால் பேரவைத் தலைவரும் இல்லை, ஆளும் கட்சியும் இல்லை. அவர் மீதான புகார் மட்டும் வேகமாக நகர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

இங்கேதான் ஒப்பிடத் தோன்றுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா பேரவையில் குடியரசுக் கட்சித் தலைவராகவே இருந்த சாட் மேயஸ், 2019 டிசம்பரில் அந்தக் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையானார். பதவி அவரிடமே இருந்தது. அடுத்த ஆண்டு சுயேச்சையாகவே நின்று வென்றார். அங்கே அது செய்தி. இங்கே அது வழக்கு. அங்கே கட்சியின் உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற கட்டும் இல்லை. நமக்கு அந்தச் சுதந்திரம் ஒத்துவருமா என்றால், 210க்கு 116 என்ற சவாண் குழுவின் கணக்கு வந்து குறுக்கே நிற்கிறது.

மிஞ்சும் வழி

விலக நினைப்பவருக்கு நேரான பாதை ராஜினாமாதான். அதையும் பேரவைத் தலைவர் ஏற்க வேண்டும். அது தன்விருப்பத்தின்படியானதா, உண்மையானதா என்று அவர் பார்க்கலாம். பிறகு ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல். கர்நாடகத்தில் 2019இல் 17 பேரை, அவர்களில் பெரும்பாலோர் ராஜினாமா கொடுத்திருந்தும், தகுதி நீக்கம் செய்து, பேரவைக் காலம் முடியும்வரை போட்டியிடவும் தடை விதித்தார்கள். தகுதி நீக்கம் செல்லும், தடை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அவர்களில் பெரும்பாலோர் டிசம்பர் இடைத்தேர்தலில் பாஜக வேட்பாளர்களாக நின்று வென்றார்கள். 15 இடங்களில் அக்கட்சிக்கு 12 கிடைத்தது. தமிழ்நாட்டின் 18 பேர் அணிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2019இல் 22 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தல்களில் திமுக 13, அதிமுக 9. தினகரன் தரப்புக்கு ஒன்றுமில்லை. விளவங்கோடு விஜயதரணி 2024 பிப்ரவரியில் பாஜகவில் சேர்ந்து பதவி விலகினார். இடைத்தேர்தலில் தொகுதி மீண்டும் காங்கிரஸிடமே போனது.

தமிழ்நாட்டில் ராஜினாமா செய்துவிட்டுச் சுயேச்சையாக நிற்பது இன்னும் கடினம். 2016, 2021 பொதுத் தேர்தல்களில் ஒரு சுயேச்சைகூட வெல்லவில்லை. இடையில் ஆர்.கே. நகரில் குக்கர் சின்னத்தில் தினகரன் வென்றது விதிவிலக்கு. அவரை ஊரார் யாரும் கட்சி இல்லாத மனிதராகப் பார்க்கவில்லை.

அதனால்தான் ராஜினாமாவின் நேரம் முக்கியமாகிறது. 2012 முதல் முதலமைச்சர் ஜெயலலிதாவைத் ‘தொகுதி வளர்ச்சிக்காக’ ஒவ்வொருவராகச் சந்திக்கத் தொடங்கிய தேமுதிக அதிருப்தி உறுப்பினர்கள், விலகவும் இல்லை, திரும்பவும் இல்லை. தேர்தல் நெருங்கிய 2016 பிப்ரவரியில் 8 பேர் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். விஜயகாந்தின் எதிர்க்கட்சித் தலைவர் பதவி அதோடு போயிற்று.

2025 நவம்பரில் இதன் புதிய பதிப்பைப் பார்த்தோம். 2022இல் அதிமுகவிலிருந்து நீக்கப்பட்ட ஆலங்குளம் உறுப்பினர் மனோஜ் பாண்டியன் திமுகவில் சேர்ந்தார். அதையொட்டிப் பதவியையும் துறந்தார். அக்டோபர் கடைசியில் நீக்கப்பட்ட கோபிசெட்டிபாளையம் செங்கோட்டையன், நவம்பர் 26 அன்று ராஜினாமா செய்துவிட்டு மறுநாள் தவெகவில் சேர்ந்தார். இருவரையும் கட்சியே வெளியேற்றியிருந்தும், இன்னொரு கட்சிக்குப் போகப் பதவியைக் கழற்றிவைக்க வேண்டியிருந்தது. விசுவநாதன் வழக்குத் தீர்ப்பு வந்து 30 ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில் அதற்கு இப்படி ஒரு மரியாதை. பேரவையின் மீதிக் காலம் ஓராண்டுக்கும் குறைவு என்பதால் இடைத்தேர்தலும் தேவைப்படவில்லை. ஆலங்குளத்துக்கும் கோபிக்கும் அதற்கடுத்த பொதுத் தேர்தல்வரை உறுப்பினர் இல்லை என்றாயிற்று.